நாட் டிரெய்னரைப் போர் விமானமாக்க நினைக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மன்னிப்போடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாடல் கடையில் ஏர்ஃபிக்ஸ் நாட் டி.1 (நாட் ஜெட் விமானத்தின் இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவம்) பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கிப் போனவர்களில் ஏழெட்டுப் பேரிடம், "பின் சீட்டை எடுத்துட்டு, மேல புட்டி போட்டு மூடிட்டீங்கன்னா செக்கோன் ஓட்டின நாட் ரெடிங்க" என்று எங்கள் கவுண்டரிலேயே சொல்லியிருக்கிறோம். அது தப்பு. போன மாதம் நாங்களே ஒரு கிட்டைப் பிரித்து மேஜையில் போட்டுப் பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய தப்பு என்று உறைத்தது.

ஏன் எல்லோரும் இதையே கேட்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். 2020 மே மாதம் நம் சூலூர் விமானத் தளத்தில் இந்திய விமானப் படையின் 18-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர் பெற்றது. 1965-ல் அந்த ஸ்குவாட்ரன் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்தது நாட். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் பாகிஸ்தானின் ஆறு சேபர் ஜெட்கள் தாக்க வந்தபோது நாட்டில் ஏறி போராடி உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செக்கோன் அந்த ஸ்குவாட்ரன்காரர்தான். விமானப் படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள். தேஜஸும் நாட்டும் ஒரே ஷெல்ஃபில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் ஆசைப்படுவதில் ஆச்சரியம் இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்தப் பெட்டிக்குள் இருப்பது அந்த நாட் இல்லை.

பிரிட்டிஷ் விமானப் படை ஒற்றை இருக்கை நாட்டைப் போர் விமானமாகப் படையில் சேர்க்கவே இல்லை. அவர்கள் வாங்கியது பயிற்சிக்கான இரட்டை இருக்கை டி.1. ரெட் ஆரோஸ் என்ற அவர்களின் வான் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்ததும் அதில்தான். ஏர்ஃபிக்ஸ் பிரிட்டிஷ் கம்பெனி. தங்கள் ஊர்ப் பையன்கள் வானத்தில் பார்த்ததைத்தானே பெட்டியில் போடுவார்கள்? ஒற்றை இருக்கை எஃப்.1-ஐ அதிக எண்ணிக்கையில் பறக்கவிட்டதும், பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வரிசையாகக் கட்டியதும் நாம்தான்.

இப்போது அளவுக்கு வருவோம். டி.1-இன் இறக்கை நுனிக்கு நுனி 7.32 மீட்டர், எஃப்.1-க்கு 6.73. நீளம் டி.1-க்கு 9.68, எஃப்.1-க்கு 8.74. 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) இறக்கையில் 8 மில்லிமீட்டரும் உடலில் 13 மில்லிமீட்டரும் வித்தியாசம் வரும். "நுனியில இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு வெட்டிட்டா போச்சு" என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. வெட்டினோம். 1/72 அளவில் பிரிண்ட் எடுத்த எஃப்.1 வரைபடத்தின் மேல் வைத்தோம். நுனிக்கு நுனி அளவு சரியாக உட்கார்ந்தது. ஆனால் இறக்கையின் பின் விளிம்பு கோட்டைத் தாண்டி, சுண்டு விரல் நகத்தின் பாதி அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காரணம், டி.1-இன் இறக்கைப் பரப்பு 175 சதுர அடி, எஃப்.1-க்கு 136.6 தான். இறக்கை நீண்டது கொஞ்சம், அகலமானதுதான் அதிகம். சராசரி அகலம் மட்டும் நம் அளவில் நாலரை மில்லிமீட்டர் கூடுதல்.

அதோடு விடவில்லை. எஃப்.1-இல் பின் விளிம்பின் உட்பகுதியில் இருக்கும் எய்லரான்களே (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்புகள்) கீழே இறங்கி ஃப்ளாப் (இறங்கும்போது விமானத்தைத் தாங்கும் மடிப்பு) வேலையையும் பார்க்கும். டி.1-இல் உள்ளே தனி ஃப்ளாப், வெளியே தனி எய்லரான். கிட்டில் செதுக்கியிருக்கும் கோடுகள் எல்லாமே மாற வேண்டும். வால் பகுதியும் டிரெய்னருக்குப் பெரிதாக்கப்பட்டதுதான். துப்பாக்கி? எஃப்.1-க்குக் காற்று உள்வாய் இரண்டின் வெளிச்சுவரிலும் ஒவ்வொரு 30 மி.மீ. ஏடன் பீரங்கி உண்டு. டிரெய்னருக்குக் கிடையாது, அந்தப் பள்ளத்தை நாம்தான் செதுக்க வேண்டும்.

உடலில் 13 மில்லிமீட்டரை ஒரே இடத்தில் வெட்டி ஒட்டவும் முடியாது. மூக்கை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகிற குழாய் அது. நடுவில் ஒரு துண்டை எடுத்தால் முன் வெட்டின் விட்டமும் பின் வெட்டின் விட்டமும் ஒட்டாது, படி மாதிரி நிற்கும். நாங்கள் அந்தப் படியைப் புட்டியால் நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி நிரப்பி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் வந்த மூக்கு பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான். அந்த மாடல் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறது, வந்தால் காட்டுகிறோம். சிரிக்கலாம், தப்பில்லை.

ஆக, கிட்டிலிருந்து உருப்படியாக மிஞ்சுவது சக்கரங்கள், கால்கள், எக்ஸாஸ்ட், இன்னும் சில சில்லறை. மீதியை எல்லாம் நாமே செய்ய வேண்டும் என்றால் அந்தக் கிட்டுக்கு எதற்குக் காசு கொடுப்பது?

அதனால் இப்படிச் செய்கிறோம். செக்கோன் விமானத்துக்காக எங்களிடம் டி.1 வாங்கி, பாகங்களை இன்னும் ஃபிரேமிலிருந்து வெட்டாமல் வைத்திருப்பவர்கள் பெட்டியோடு கொண்டு வாருங்கள். செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி 1/72-ல் ஒற்றை இருக்கை நாட்டைத் தனிக் கிட்டாகவே போட்டிருக்கிறது. அதை வரவழைத்து மாற்றித் தருகிறோம். விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும். பில் இல்லையென்றாலும் பரவாயில்லை, யார் வாங்கினீர்கள் என்று எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கிட் ஏர்ஃபிக்ஸ் மாதிரிச் சொடுக்கென்று பொருந்தாது. ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டும் முன் வெறுமனே பொருத்திப் பார்த்துத் தேய்க்க வேண்டியிருக்கும். முதல் கிட்டாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

மாற்றிச் செய்கிற சுகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அந்த ஒற்றை இருக்கைக் கிட்டிலிருந்து அஜீத் செய்யச் சொல்வோம். (அஜீத் என்றதும் போஸ்டரா என்று கேட்டவரும் உண்டு. எச்.ஏ.எல். நாட் விமானத்தை மேம்படுத்திக் கட்டிய விமானத்தின் பெயர் அது.) அதில் எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நாட் விமானத்தில் இறக்கைக்குக் கீழே எரிபொருள் டாங்க் தொங்கிய இடம் ஆயுதத்துக்குக் கிடைத்தது. மொத்தம் நாலு பைலான் (இறக்கைக்குக் கீழே ஆயுதம் தொங்கவிடும் தாங்கி). கிட்டில் இருக்கிற ஒரு ஜோடியை அச்சாக வைத்து, 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் இன்னொரு ஜோடி வெட்டுங்கள். நாலையும் ஒட்டியதும் மூக்கு நேரே வரும்படி விமானத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். ஒன்று கோணினாலும் பளிச்சென்று தெரியும். பசை காயும் முன் திருத்தினால் உண்டு. அஜீத்துக்கும் எச்.ஏ.எல். இரட்டை இருக்கை வடிவம் ஒன்று செய்தது. ஆனால் அது அஜீத்தின் உடலையே 1.4 மீட்டர் நீட்டிச் செய்தது, டி.1-இலிருந்து அதையும் கொண்டுவர முடியாது.

ஏற்கெனவே கத்தி வைத்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். முழுதாக மாற்றியே தீருவேன் என்றால் ஒரு நல்ல செய்தி: நாட் விமானத்தின் சக்கரங்கள் உடலுக்குள்தான் மடங்கும், இறக்கையில் குழியே கிடையாது. அதனால் புது இறக்கையைத் தட்டையான பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி, விளிம்பைத் தேய்த்துச் செய்துவிடலாம். கேனபிக்கு (விமானி தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடி) மரத்தில் வடிவம் செதுக்கி, அதைக் காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் நுழைத்து ஹீட் கன் காட்டுங்கள்; பாட்டில் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். மூக்கைக் குட்டையாக்கினால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டு கூடுதலாகப் போடுங்கள். வரைபடம் பிரிண்ட் எடுத்ததும் ஸ்டீல் ஸ்கேலால் இறக்கையை அளந்து பாருங்கள். 93.5 மி.மீ. வர வேண்டும். எங்கள் முதல் பிரிண்ட் 91-க்கும் குறைவாக வந்தது. பிரிண்டர் தாளுக்குள் அடக்குகிறேன் என்று சுருக்கிவிட்டிருந்தது.

எதுவும் வேண்டாம், டி.1-ஐ டி.1-ஆகவே கட்டுகிறேன் என்பவர்களுக்கு எங்கள் ஓட்டு மஞ்சளுக்கு. ரெட் ஆரோஸுக்கு முந்தைய வருடம், 1964-ல், யெல்லோஜாக்ஸ் என்ற குழு முழு மஞ்சள் நாட் விமானங்களில் பறந்தது. எல்லோர் வீட்டிலும் சிவப்பு நிற்கும்போது அது தனியாகத் தெரியும்.

வண்ணம் பற்றி ஒன்றே ஒன்று. இந்திய நாட் என்றால் எந்த வருடத்து நாட் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1965 செப்டம்பர் 3-ல் பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கிச் சிறைபட்டு, இன்று கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிற நாட் விமானத்தின் படத்தைப் பார்த்து அலுமினிய நிறம் அடித்துவிட்டு, 1971 டெக்கல் (சின்னங்கள், எண்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் இந்தக் கடையில்தான் வேலை செய்கிறார், இந்த மடலையும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மாற்றிக்கொள்ள வருபவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். டெக்கல் தாளை மறக்காமல் பெட்டியோடு கொண்டு வந்துவிடுங்கள். அது இல்லாமல் கம்பெனிக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

அன்புடன்,
கடையிலிருந்து