கடவுச்சொல் மறந்த வேர்டு கோப்புகள்: பாதி சொன்ன வழி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுச்சொல் மறந்துபோன வேர்டு கோப்புகளைத் திறப்பது பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் அண்மையில் வெளியான குறிப்பைப் படித்தேன். கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள 'டாக்எக்ஸ்' என்பதை 'ஸிப்' என்று மாற்றி, உள்ளே இருக்கும் 'செட்டிங்ஸ்' கோப்பில் ஒரு வரியை அழித்துவிட்டால் பூட்டு போய்விடும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அந்த வழி பொய்யல்ல. ஆனால் அது ஒரு வகைப் பூட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டதால், அது பொருந்தாத கோப்பை வைத்திருக்கும் வாசகர்களுக்கு நன்மையைவிடத் தீங்கே அதிகம் விளையும் என்று அஞ்சுகிறேன். நூல்களுக்குப் பக்கம் வடிவமைத்து மெய்ப்புத் திருத்தும் பணியில் இருப்பதால், ஆசிரியர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் திறக்க முடியாத கோப்புகளோடு வருவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த அனுபவத்தின் அடிப்படையில் இதை எழுதுகிறேன்.

வேர்டில் கடவுச்சொல் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் உள்ளன. கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் கேட்பது ஒன்று. கோப்பு திறக்கும், ஆனால் திருத்திச் சேமிக்கக் கடவுச்சொல் வேண்டும் என்பது இன்னொன்று. திறந்து படிக்கலாம், ஆனால் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் கைவைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்துவது மூன்றாவது. பின்னிரண்டிலும் எழுத்து எதுவும் மறைக்கப்படுவதில்லை. திருத்துவதற்கான கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டியிலேயே 'படிக்க மட்டும்' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தித் திறந்து, முழுவதையும் நகலெடுத்துப் புதிய ஆவணத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. தங்கள் குறிப்பில் வந்த வழி மூன்றாவது வகைக்கு உரியது. ஆகவே கடவுச்சொல்லை மறந்தவர் முதலில் கவனிக்க வேண்டியது, எழுத்து கண்ணில் படுவதற்கு முன் கடவுச்சொல் கேட்கப்படுகிறதா, பட்ட பின் கேட்கப்படுகிறதா என்பதைத்தான்.

முன்பே கேட்டால் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. சாதாரண டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதிதான், அதாவது பல சிறு கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. ஆனால் திறப்பதற்கான கடவுச்சொல் இட்டவுடன் அந்தப் பொதி அப்படியே குறியாக்கம் செய்யப்பட்டு வேறொரு உறைக்குள் போய்விடுகிறது. அந்த உறையைப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் பார்த்தால், குறியாக்கம் எந்த முறையில் செய்யப்பட்டது என்ற சிறு தகவல் பகுதியும், படிக்க முடியாத பெரிய பகுதியும் தெரியுமே தவிர, அழிப்பதற்கு எந்த வரியும் இருக்காது. பெயரை ஸிப் என்று மாற்றித் திறக்க முயன்றால், பொதுவாக 'கோப்பு சிதைந்துள்ளது' என்ற செய்திதான் வரும். இதைக் கண்டு கோப்பே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை அழித்துவிடுபவர்கள் உண்டு. கோப்பு கெடவில்லை, பெயரைப் பழையபடி மாற்றினால் முன்பிருந்த நிலையிலேயே இருக்கும். தங்கள் குறிப்பைப் பார்த்து முயன்றவர்களுக்கு இந்த ஒரு தகவலையாவது விரைவில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

குறியாக்கம் செய்யப்பட்ட கோப்பைத் திறக்க முடியுமா என்பது பெரும்பாலும் அது எந்தக் காலத்து வேர்டில் சேமிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. வேர்டு 97 முதல் 2003 வரையான பதிப்புகள் பழைய வடிவமான 'டாக்' கோப்புகளுக்கு இயல்பாகப் பயன்படுத்தியது 40 பிட் அளவுள்ள திறவுகோல், அதாவது கடவுச்சொல்லிலிருந்து உருவாகிக் கோப்பைத் திறக்கும், நாற்பது 0, 1 இலக்கங்கள் கொண்ட எண். அந்த அளவில் அமையக்கூடிய திறவுகோல்கள் மொத்தம் சுமார் 1.1 லட்சம் கோடி. கேட்க மலைப்பாக இருந்தாலும், நொடிக்கு ஒரு கோடி வீதம் சோதிக்கும் கணினி அத்தனையையும் ஏறத்தாழ 30 மணி நேரத்தில் சோதித்து முடித்துவிடும். கடவுச்சொல் எவ்வளவு நீளமானது, எவ்வளவு கடினமானது என்பது அங்கே பொருட்டே அல்ல. கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்காமலே திறவுகோலைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய கையெழுத்துப் படிகளைக் கணினியில் ஏற்றிப் பூட்டி வைத்துவிட்டு மறந்தவர்களுக்கு இது நல்ல செய்தி.

2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அந்தக் கதவு மூடப்பட்டது. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை 128 பிட் திறவுகோலுடன் வந்தது. பிந்தைய பதிப்புகளில் அது 256 பிட்டாக உயர்ந்தது. இந்த அளவுள்ள திறவுகோல்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது எந்தக் கணினிக்கும் இயலாத காரியம். அதனால் எஞ்சியிருக்கும் ஒரே வழி கடவுச்சொல்லை ஊகிப்பதுதான். அதையும் மெதுவாக்கவே, தட்டிய சொல்லிலிருந்து திறவுகோலைப் பெறுவதற்கு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் சேர்த்தது: 2007இல் 50,000 முறை, 2010 முதல் 1,00,000 முறை. சரியான கடவுச்சொல்லைத் தட்டுபவருக்கு இந்தத் தாமதம் உறைக்காது. கோடிக்கணக்கில் ஊகிப்பவருக்கு ஒவ்வொரு ஊகமும் சுமை. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டைக் கண்டபடி சேர்த்த கடவுச்சொல்லுக்கு 20,882 கோடி வாய்ப்புகள் உண்டு. நொடிக்கு ஆயிரம் வீதம் சோதித்தால் அத்தனையையும் முடிக்க ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 'எந்த வேர்டு கோப்பும் சில நொடிகளில்' என்று வரும் விளம்பரங்களை இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

அப்படியானால் புதிய கோப்புகளுக்கு நம்பிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது மென்பொருளில் இல்லை, பூட்டியவரின் நினைவில் இருக்கிறது. மனிதர்கள் கடவுச்சொல்லைக் கண்டபடி அமைப்பதில்லை. பிள்ளையின் பெயர், வீட்டுப் பெயர், பிறந்த ஆண்டு, கடைசியில் ஒரு வியப்புக்குறி என்று பழகிய தடத்திலேயே போகிறார்கள். நூறு பெயர்கள், ஐம்பது ஆண்டுகள், நான்கு குறிகள் என்று சேர்த்தால் வருவது 20,000 ஊகங்கள்; மேலே சொன்ன அதே வேகத்தில் இருபது நொடி வேலை. ஜான் த ரிப்பர், ஹாஷ்கேட் போன்ற இலவச மென்பொருள்கள் இந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றங்களையும் எண்களையும் தாமே சேர்த்துச் சோதிக்கும். ஆகவே கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து, அந்தக் காலத்தில் பயன்படுத்திய சொற்களையெல்லாம் எழுதுவதுதான் மிகப் பயனுள்ள முதல் வேலை. பழைய டாக் கோப்பானால், 15 எழுத்துகளைத் தாண்டிய ஊகங்களை அடித்துவிடலாம். அந்தப் பதிப்புகள் அதற்கு மேல் ஏற்றதில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எதிலும் அதை எதிர்பார்க்க முடியாது. கடவுச்சொல் பெட்டியில் வெறும் புள்ளிகளே தெரிவதால், எந்த விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தது என்பது தட்டியவருக்கே தெரியாமல் போகிறது. ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் எழுதிப் பழகிய ஒருவர் 'அம்மா' என்று கடவுச்சொல் இட்டிருந்தால், உண்மையில் பதிவாகியிருப்பது நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமே. அவரே பின்னாளில், தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறி, தமிழ் விசைப்பலகையில் அதே சொல்லைத் தட்டினால் வேர்டு மறுத்துவிடும். ஒருங்குறிக்குள்ளேயும் இடர் உண்டு. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும் கடவுச்சொல்லாகும்போது அவை வேறுவேறு. 'ஸ்ரீ' என்ற எழுத்துக்கும் இப்படி இரண்டு வடிவங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு அடிப்படையான 'ஶ' என்ற எழுத்தின் குறியீடு 2005இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. எனவே தமிழ்ச் சொல்லைக் கடவுச்சொல்லாக வைத்தது உறுதியாக நினைவில் இருந்தும் கோப்பு திறக்கவில்லை என்றால், அன்று பயன்படுத்திய அதே தட்டச்சு மென்பொருளை நிறுவி, அதே விசைகளைத் தட்டிப் பார்ப்பது மற்ற எதையும்விட முன்னால் செய்ய வேண்டியது. சொல் நினைவில் இருந்தும் நம்பிக்கை இழந்துவிட்டவர்களுக்கு இந்த வழியில் கோப்பு திறந்ததை நான் கண்டிருக்கிறேன். அப்போது அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதிக்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கோப்பை அனுப்பினால் திறந்து தருகிறோம் என்னும் இணையச் சேவைகளைப் பற்றியும் தங்கள் பகுதி எச்சரித்திருக்க வேண்டும். பூட்டி வைக்கும் அளவுக்கு முக்கியமான உயிலையோ, மருத்துவக் குறிப்பையோ, வெளிவராத நாவலையோ முகம் தெரியாத ஒருவரிடம் முழுதாக ஒப்படைப்பது சரியல்ல. திறந்த பின் அதன் படி எங்கே தங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பிறர் உதவி கட்டாயம் தேவை என்றால்கூட, ஊகங்களைச் சரிபார்க்கத் தேவையான சிறு சோதனை வரியை மட்டும் கோப்பிலிருந்து பிரித்தெடுக்கும் கருவிகள் ஜான் த ரிப்பருடனேயே வருகின்றன. புதிய வகைக் கோப்பானால் அந்த வரியைக் கொடுத்தாலே போதும். ஆவணத்தின் உரை நம்மிடமே இருக்கும். இந்த வேலை எதையும் கோப்பின் நகலில்தான் செய்ய வேண்டும், உரிமை உள்ள கோப்பில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

பூட்டுவதற்கு முந்தைய படி வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுவதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். யாருக்கோ மின்னஞ்சலில் அனுப்பிய வரைவு, அச்சுக்குக் கொடுத்த பிடிஎஃப், மேகச் சேமிப்பில் தங்கியிருக்கும் பழைய பதிப்பு ஆகியவற்றைப் பார்த்தாலே பல சமயம் தேவை தீர்ந்துவிடும்.

நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வசதி உண்டு. ஆபீஸ் 2013 முதல், நிர்வாகி முன்கூட்டியே தன் மின்னணுச் சான்றிதழை ஊழியர்களின் கணினிகளில் அமைத்து வைத்திருந்தால், ஊழியர் பூட்டிய கோப்பை டாக்ரீகிரிப்ட் என்ற கருவியால் திறந்து கடவுச்சொல்லை மாற்ற முடியும். ஆனால் அந்த ஏற்பாடு செய்வதற்கு முன் பூட்டப்பட்ட கோப்புகளுக்கு அது உதவாது. பணியாளர் ஓய்வு பெற்ற பின்னோ இறந்த பின்னோ இந்தக் கருவியை நினைத்துப் பயனில்லை என்பதால், அலுவலகங்கள் இதை இப்போதே செய்து வைக்க வேண்டும்.

தனி மனிதர்களுக்கு அப்படி ஒரு மாற்றுச் சாவி கிடையாது. மறந்த கடவுச்சொல்லை மீட்டுத் தர இயலாது என்று வேர்டே பூட்டும்போது எச்சரிக்கிறது. அதைப் படிக்காமல் கடந்துபோவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. ஆகையால் மறந்ததைத் திறப்பது பற்றிய திருத்தக் குறிப்போடு நின்றுவிடாமல், பூட்டுவது எப்படி என்று தங்கள் பகுதியில் இனி எழுதும் ஒவ்வொரு முறையும், எந்த வகைப் பூட்டு, கடவுச்சொல்லை எங்கே எழுதி வைப்பது, எந்த விசைப்பலகையில் தட்டியது என்ற விவரங்களையும் அதனுடன் குறித்து வைக்குமாறு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர், மெய்ப்புத் திருத்துநர்