ஸ்காட்லாந்துவாழ் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளுக்கு,

வணக்கம். தேர்தல் வரும்போதெல்லாம் நம் கூட்டங்களில் ஒரே வாக்குவாதம்தான் எழுகிறது. "லண்டன் பணத்தை நிறுத்தினால் இவர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள்" என்கிறது ஒரு தரப்பு. "இங்கிருந்து எண்ணெயை எடுத்துக்கொண்டு நமக்கே கணக்குச் சொல்கிறார்கள்" என்கிறது மறு தரப்பு. தனிநாடா, ஐக்கிய இராச்சியமா என்பதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கப்போவதில்லை. பொது நிதிப் பங்கீட்டை அந்தக் கேள்விக்கான பேரப்பொருளாக்க யாரையும் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இதில் நமக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறது. இந்தியாவில் 1963-ல் வந்த 16-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தால்தான் தேர்தலில் நிற்கலாம் என்றாக்கியது. அந்தச் சூழலில்தான் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. இலங்கையில் 1983-ல் வந்த 6-ஆவது திருத்தம் தனிநாடு கோருவதையே தடைசெய்தது. அந்த உறுதிமொழியை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். கேட்கவே கூடாத கேள்வி என்று சட்டம் எழுதிய இரண்டு நாடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கே 2014 செப்டம்பர் 18 அன்று அதே கேள்வியை வாக்குச்சீட்டில் அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்கு இருந்தது. காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே முறைப்படி வசித்தவர்களும் வாக்களித்தார்கள். 84.6 சதவீத வாக்குப்பதிவு. வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 44.7 சதவீதம். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அந்த மாண்பை நான் இன்றும் மதிக்கிறேன். அதனால்தான் அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்தது இன்னும் உறுத்துகிறது.

செப்டம்பர் 16 அன்று டெய்லி ரெக்கார்டு நாளிதழின் முதல் பக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பழைய சாசனம் போன்ற தாள் வடிவம். கீழே பிரிட்டனின் மூன்று பெரிய கட்சிகளின் தலைவர்களான டேவிட் கேமரன், எட் மிலிபாண்ட், நிக் கிளெக் மூவரின் கையெழுத்து. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவோம், பார்னட் முறையிலான நிதி ஒதுக்கீடு தொடரும் என்பது வாக்குறுதி. வாக்கெடுப்புக்கு முந்தைய 28 நாட்களில் அரசுகள் புதிய அறிவிப்புகளைத் தவிர்க்கவேண்டும் என்று, வாக்கெடுப்பை நடத்துவதற்காக பிரிட்டிஷ் அரசும் ஸ்காட்லாந்து அரசும் செய்துகொண்ட எடின்பரோ ஒப்பந்தத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். இது கட்சித் தலைவர்களின் வாக்குறுதி, அரசின் அறிவிப்பல்ல என்று பதில் சொன்னார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பிரதமர், இன்னொருவர் துணைப் பிரதமர். இந்த விளக்கத்தை என்னால் ஏற்கமுடியவில்லை.

அவர்கள் தொடரும் என்று சத்தியம் செய்த பார்னட் முறை என்ன? 1970-களின் இறுதியில் நிதியமைச்சகத்தில் இருந்த ஜோயல் பார்னட்டின் பெயரால் வழங்குவது. இங்கிலாந்தின் மருத்துவத்துக்கோ பள்ளிக்கோ நூறு பவுண்டு கூடினால், மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்துக்கு ஒன்பது முதல் பத்து பவுண்டு வரை வந்து சேரும். அங்கே வெட்டினால் இங்கேயும் அதே விகிதத்தில் வெட்டு விழும். 2024-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவியைச் சுருக்கினார்கள். அதற்கென்று ஸ்காட்லாந்துக்கு வரவேண்டிய பணமும் குறைந்ததால் இங்கேயும் அந்த ஆண்டு அதைச் சுருக்கவேண்டி வந்தது. இருபத்திரண்டு வயதுக்குட்பட்ட நம் பிள்ளைகளின் இலவச பஸ் அட்டை, மருந்துக்கடையில் காசில்லாமல் வாங்கும் மருந்து, கட்டணமில்லாப் பல்கலைக்கழகப் படிப்பு எல்லாம் ஹோலிரூட், அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், எடுத்த முடிவுகள். ஆனால் அவற்றைத் தாங்கும் பணத்தின் பெரும்பகுதி ஏறுவதும் இறங்குவதும் இங்கிலாந்துக்காக எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.

இந்த முறைக்குத் தனிச் சட்டம் கிடையாது. யாருக்கு எவ்வளவு தேவை என்று அது பார்ப்பதும் இல்லை. 2009-ல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று இதைக் கைவிட்டுத் தேவை அடிப்படையில் பங்கிடச் சொன்னது. வேல்ஸுக்கு ஆண்டுக்குச் சுமார் 30 கோடிப் பவுண்டு குறைவாக வருகிறது என்று வேல்ஸ் அரசு அமைத்த ஹோல்தம் ஆணையம் கணக்கிட்டது. தன் பெயர் கொண்ட முறையை மாற்றவேண்டும் என்று பார்னட்டே சொல்லிவந்தார். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் வாக்கெடுப்பு பயத்தில் மூவரும் நிலைநிறுத்தினார்கள்.

அப்போது பிரிந்துபோவேன் என்று மிரட்டாதவர்களின் கதி என்ன? லண்டனிலிருந்து பர்மிங்காம் செல்லும் எச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதை வேல்ஸில் ஒரு மைல்கூட ஓடாது. ஆனாலும் அதை 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்' திட்டம் என்று வகைப்படுத்தி, ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைத்த பங்கை வேல்ஸுக்கு மறுத்தார்கள். 2017-ல் தெரசா மே அரசுக்குப் பெரும்பான்மை இல்லாதபோது, வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் பத்து உறுப்பினர்களுடைய ஆதரவுக்காகப் பார்னட் கணக்குக்கு வெளியே 100 கோடிப் பவுண்டு போனது. இதைப் பங்கீடு என்று எப்படி அழைப்பது? இப்படிக் கிடைக்கும் சலுகை ஸ்காட்லாந்துக்கும் பாதுகாப்பல்ல. மிரட்டல் ஓய்ந்தால் அதுவும் ஓயலாம்.

தனிநாடு கேட்பவர்களிடமும் எனக்குக் குறை உண்டு. 2013-ல் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பீப்பாய்க்கு 110 டாலருக்கும் மேலான எண்ணெய் விலையை நம்பி வரவு எழுதியது. 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே இறங்கியது. பிரிந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை லாபம் என்பதும், பிரிந்தால் இத்தனை நட்டம் என்பதும் ஒரே வகை வியாபாரம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் வரும் ஸ்காட்லாந்தின் வரவுசெலவு அறிக்கையை இரு தரப்பும் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் பார்க்கிறோம். இன்றைய ஏற்பாட்டின் கணக்கு அது. நாளைய தனிநாட்டின் வரி என்ன, செலவு என்ன என்று அது எப்படிச் சொல்லும்?

இந்தியாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதி ஆணையம் அமைகிறது. தமிழ்நாட்டுக்கு அதன் மேல் தீராத வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம்தான். ஆனாலும் முறையிட ஓர் அரசியலமைப்பு மன்றம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1933 முதல் மானிய ஆணையம் இயங்குகிறது. பிரிட்டனில் பங்கு பிரிப்பதும் நிதியமைச்சகம், எது எந்த வகை என்று முடிவுசெய்வதும் நிதியமைச்சகம்.

2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில், இங்கே சட்டப்படி தங்கியிருக்கும் எந்த நாட்டவரும் வாக்களிக்கலாம். நம் எண்ணிக்கை சிறியது என்று ஒதுங்காதீர்கள். பொங்கல் விழாவுக்கும் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் வேட்பாளர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோமே, அந்த மேடையிலேயே மூன்று கேள்விகள் கேளுங்கள். தேவையை அளந்து நிதி பங்கிடும் சுயேச்சை ஆணையத்தைச் சட்டத்தால் அமைக்க உங்கள் கட்சி ஆதரவு தருமா? அதில் வேல்ஸுக்கு நியாயம் கிடைக்க ஸ்காட்லாந்தின் பங்கு சற்றுக் குறைந்தாலும் ஏற்பீர்களா? இன்னொரு வாக்கெடுப்பு வந்தால், கடைசி 28 நாட்களில் எந்தக் கட்சித் தலைவரும் நிதி வாக்குறுதி தரக்கூடாது என்ற விதிக்கு இப்போதே கையெழுத்திடுவீர்களா?

இரண்டாவது கேள்விக்குத்தான் பலரும் நழுவுவார்கள். பதில் வரும்வரை ஒலிவாங்கியைத் திரும்ப வாங்காதீர்கள்.

அன்புடன்,
கிளாஸ்கோவிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்