திட்டினால் சுகர் இறங்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாராவாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவள் நான். சர்க்கரை நோய் என்றால் அரிசியா கோதுமையா, வெந்தயமா பாகற்காய் ஜூஸா, எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று எல்லாம் வருகிறது. அந்த நோயோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர்களின் மனசு என்ன பாடுபடுகிறது என்று மட்டும் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கணவருக்குச் சுகர் வந்து பல வருஷமாகிறது. மாத்திரையிலோ நடையிலோ குறை வைக்கிற ஆள் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைத் தேதி நெருங்கினாலே முகம் மாறிவிடும், சாதத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார், யாரோடும் சரியாகப் பேசமாட்டார், ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருப்பார். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொல்வாரோ என்கிற பயம்தான். ஒரு மருத்துவமனையில், வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான், அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க" என்று சத்தம் போட்டார்கள். அறுபது வயது மனுஷர், சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அதிலிருந்து மூன்று மாத சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுப்பதையே தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறார். திட்டியதில் நடந்தது இவ்வளவுதான், சுகர் இறங்கவில்லை, டெஸ்ட் நின்றுபோனது.

டாக்டர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, வீட்டிலும் இதேதான். பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் இலைக்கு வரும் முன்னாலேயே நாலு இலை தள்ளியிருக்கும் சொந்தக்காரர் "அவருக்கு வைக்காதே, சுகர்" என்று குரல் கொடுப்பார், வரிசையே திரும்பிப் பார்க்கும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த அளவு கூடியிருந்தால் "ராத்திரி யாருக்கும் தெரியாம என்ன தின்னீங்க" என்று விசாரணை. ஒன்றும் தின்னாமலும் ஏறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மனசு பதறும்போது சுரக்கிற அட்ரினலினும் கார்டிசோலும் கல்லீரலில் இருந்து சர்க்கரையை ரத்தத்துக்குள் இறக்கிவிடும், இன்சுலினையும் சரியாக வேலை செய்யவிடாது. தூங்காத ராத்திரிக்கும் இதில் பங்கு உண்டு. அப்படி ஏறியதற்கும் திட்டு வாங்கினால், அந்தக் கவலையிலேயே இன்னும் கொஞ்சம் ஏறும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு வேறு ஒரு பயம். தூக்கத்தில் சுகர் இறங்கி, வேர்த்துக்கொட்டி, கை நடுங்கி எழுந்த அனுபவம் ஒருமுறை வந்துவிட்டால் போதும், அடுத்த நாளிலிருந்து படுக்கும்முன் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அது கட்டுப்பாடு இல்லாதவர் என்றுதான் தெரியும். சின்ன வயசிலேயே டைப் 1 என்கிற, இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாத சுகர் வந்த பெண் பிள்ளைகள் கல்யாணப் பேச்சு எடுத்ததும் ஊசியை மறைத்துப் போட வேண்டியிருப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

இந்த மனபாரத்தை டயாபடீஸ் டிஸ்ட்ரஸ் என்கிறார்கள். இது மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். 1995-லேயே வில்லியம் போலன்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்துவிட்டார்கள். பிறகு இரண்டே கேள்வியில் முதல்கட்டமாகக் கண்டுபிடிக்கிற முறையும் வந்தது. சுகரோடு வாழ்வதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் சேர்ந்து உங்களைத் திணறடிக்கிறதா, பத்தியத்திலும் மருந்திலும் அடிக்கடி தோற்றுப்போகிற மாதிரி இருக்கிறதா, இவ்வளவுதான் கேட்க வேண்டும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆமாம் என்று சொல்கிறவரிடம் எந்த இடத்தில் முடியவில்லை என்று உட்கார்ந்து பேசலாம், மருந்து நேரத்தை மாற்றித் தரலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பலாம்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது பெரிய விஷயம், மனசார வரவேற்கிறேன். கொண்டுவருகிற பெண்கள் அதே ஊர்க்காரர்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடியவர்கள், டாக்டரிடம் சொல்லத் தயங்குவதை நோயாளிகள் இவர்களிடம் சொல்வார்கள். அந்த இரண்டு கேள்வியையும் அவர்கள் கேட்கிற மாதிரி பயிற்சி கொடுத்து, பதிலைக் குறிக்க நோயாளியின் நோட்டில் ஒரு கட்டம் போட்டால் என்ன? ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிரஷர், சுகர் பார்க்கிற நாளில் இதையே செய்யலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும் என்பதையும் மாத்திரை கொடுக்கும்போதே சொல்லி அனுப்பலாம், சுகர் நோயாளிகள் பலருக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது.

சுகாதாரத் துறை இதைக் கவனிக்க வேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள், மருத்துவப் பக்கத்தில் ஒரு வாரம் உணவுப் பட்டியலை நிறுத்திவிட்டு, சுகர் நோயாளியிடம் வீட்டில் இருக்கிறவர்கள் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு மனநல மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்