கீழே எழுதிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் நேரத்தில் சுற்றும் ஏஐ படங்களுக்குக் கீழே 'சித்திரிக்கப்பட்டது' என்று போட வைத்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். போதாது. 1950-லேயே அமெரிக்காவின் மேரிலாந்தில் அப்படிப் போட்டுப் பார்த்தாயிற்று.

அங்கே மில்லார்ட் டைடிங்ஸ் 1927 முதல் செனட்டர், ஜனநாயகக் கட்சிக்காரர். 1938-ல் சொந்தக் கட்சி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கவிழ்க்கப் பார்த்தும் ஜெயித்தவர். 1950-ல், வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகக் குடியரசுக் கட்சி செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி கிளப்பிய புகாரை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கி, அது வெறும் மோசடி என்று அறிக்கை கொடுத்தார். மெக்கார்த்தி சும்மா விடுவாரா? அந்த ஆண்டு செனட் தேர்தலில் டைடிங்ஸை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஜான் மார்ஷல் பட்லர் பால்டிமோர் வக்கீல், எந்தப் பதவிக்கும் அதுவரை தேர்வாகாதவர். அவருக்கு மெக்கார்த்தி பக்கபலமானார்.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு நாலு பக்கப் பிரசுரம் ஒன்று லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போனது. அதில் டைடிங்ஸும், கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் தலைவர் எர்ல் பிரௌடரும் பக்கத்தில் பக்கத்தில். ஒட்டிச் சேர்த்த படம் என்று கீழே அச்சடித்தும் இருந்தார்கள்! பொய் சொன்னதாகச் சட்டப்படி பிடிக்க முடியாது.

நான் ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவன். இறந்துபோன அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்க்கச் சொல்லி வருவார்கள். கழுத்தோரம் பிளேடால் வெட்டுவது சுலபம், பிசிறைப் பிரஷ்ஷால் மூடுவதும் சுலபம். பார்வை எங்கே போகிறது என்பதுதான் சூட்சுமம். டைடிங்ஸின் படம் 1938-ல் ரேடியோவில் தேர்தல் முடிவு கேட்டபோது எடுத்தது. காதைக் கொடுத்துக் கேட்கும் அந்த முகத்தைப் பிரௌடர் பக்கத்தில் வைத்ததும், அவர் பேச்சில் மயங்கியவர்போல ஆகிவிட்டார். தொழில்காரனாகச் சொல்கிறேன், கெட்டிக்கார வேலை. செய்தது பத்திரிகை ஆபீஸ் ஆள்தான். அச்சடித்ததும் 'வாஷிங்டன் டைம்ஸ்-ஹெரால்டு' நாளிதழின் அச்சகம்.

டைடிங்ஸ் சுமார் 43,000 ஓட்டில் தோற்றார். படம் மட்டுமே தோற்கடித்தது என்று சொல்ல மாட்டேன். விற்பனை வரி கொண்டுவந்த அவர் கட்சி கவர்னரும் அன்றே தோற்றார். கொரியப் போர் வேறு. ஆனால் மற்ற செனட்டர்கள் மெக்கார்த்தியை எதிர்க்கப் பயந்தது இந்தத் தோல்வியைப் பார்த்துத்தான்.

1951-ல் செனட் துணைக்குழு அந்தப் பிரசாரத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பட்லர் பதவி போகவில்லை, 1956-லும் ஜெயித்தார். பிரசாரத்தை நடத்திய ஆளுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்ததும் தேர்தல் செலவுக் கணக்கு விஷயத்தில்; படத்துக்காக அல்ல.

சரி, ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிய அந்தக் கட்டுரையில் ஒரு போலி ஏஐ படத்தை நாலு பத்தி அகலத்துக்குப் போட்டு, 'போலி' என்பதை எறும்பு எழுத்தில் போட்டிருந்தீர்கள். அடுத்த முறை குறுக்கே பெருக்கல் குறி போட்டு, ஸ்டாம்பு அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோ ஊழியர்,
கும்பகோணம்