எலாஸ்டின் க்ரீம் குறிப்புகளை மருத்துவரிடம் காட்டி வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அடிக்கடி வரும் எலாஸ்டின் க்ரீம் குறிப்புகளைப் பற்றி எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் பலர், வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றால் ஃபேஷியலுக்கு வருவார்கள். அவர்கள் அந்தக் குறிப்பைக் கத்தரித்து எடுத்து வந்து, "இதைத் தடவுனா கழுத்துச் சுருக்கம் போயிடுமாக்கா?" என்று கேட்கிறார்கள். 1,200 ரூபாய் க்ரீம் அது. ஒருவர் சீட்டுப் பணத்தில் வாங்கியே விட்டார்.

இழுத்து விட்டால் தோல் பழையபடி திரும்புவது எலாஸ்டின் என்ற புரதத்தால்தான். ஆனால் தாய் வயிற்றிலும் சிறு வயதிலும்தான் உடம்பு அதைப் பெருமளவு உண்டாக்குகிறது. பிறகு உண்டாவது சொற்பம். இருப்பதை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்டியாக வேண்டும்.

டப்பாவில் இருப்பது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ எடுத்து, துண்டு துண்டாக உடைத்த எலாஸ்டின். மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் அளப்பார்கள். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு தோலின் மேலடுக்கைத் தாண்டுவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் சொல்லும் பொதுக்கணக்கு. உடையாத எலாஸ்டின் மூலக்கூறோ 60,000 டால்டன் அளவில் இருக்கும். உடைத்த துண்டு கொஞ்சம் உள்ளே போனாலும் அது தானாக நாராகிவிடாது. நம் தோலின் செல்களே எலாஸ்டின் மூலக்கூறுகளைச் சுரந்து, ஒரு நொதி அவற்றைப் பிணைத்தால்தான் நெகிழும் நார் உருவாகும். க்ரீம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோல் மிருதுவாகத் தெரியும். அது உண்மைதான். அந்த வேலையை விலை குறைந்த கிளிசரினும் செய்யும்.

மீன் கூடையோடு வெயிலில் உட்காரும் அக்காமாரின் பிடரியைப் பார்த்திருக்கிறீர்களா? தோல் தடித்து, கட்டம் கட்டமாக ஆழக் கோடு விழுந்திருக்கும். அதே அக்காவின் ரவிக்கைக் கை மறைத்த இடம் மெத்தென்று, கோடில்லாமல் இருக்கும். இரண்டுக்கும் வயது ஒன்றுதான். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் எலாஸ்டின் நாரைக் கெடுத்து, உருக்குலைந்த திரளாக்கிவிடுகிறது. எனக்கு வருத்தம் இதில்தான். கெடுவதைத் தடுக்கும் வழியை யாரும் இவர்களுக்குச் சொல்வதில்லை, கெட்டதைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்க மட்டும் வருகிறார்கள். ஒரு கம்பெனி ஆள் என்னிடமே கமிஷன் பேசினார். நான் மறுத்துவிட்டேன்.

மீன் விற்கும் இடத்தில் நிழற்கூரை, பெரிய குடை, முழுக்கைச் சட்டை, எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன், வியர்த்தால் மறுபடி பூசுவது. இவற்றை எழுதுங்கள். வாங்குபவரை ஏமாற்றும் உரிமைகோரல் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளே சொல்கின்றன. விளம்பரம் என்றால் மேலே 'விளம்பரம்' என்று அச்சிடுங்கள். குறிப்பு என்றால் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள். எங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

இப்படிக்கு,
அழகு நிலையம் நடத்தும் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21