மயில்தோகை கவுனைப் பார்த்துவிட்டாயா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி அறை ஒழுகியதைச் சரிசெய்துவிட்டோம். போனில் செய்தி அனுப்பினால் நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் துணி தைக்காதே. கண் போனால் எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் கெடில்ஸ்டன் மாளிகைக்குப் போய் அந்த மயில்தோகை கவுனைப் பார்த்துவிட்டு, தையல் தையலாக எனக்குச் சொல்வதாகப் பொங்கலன்று பேசும்போது சொன்னாய். போனாயா? போயிருந்தால் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாய். போகாவிட்டாலும் பரவாயில்லை. நீ வைத்துவிட்டுப் போன பெரிய படப் புத்தகத்தை பீரோவிலிருந்து எடுத்துக் கடையிலேயே வைத்திருக்கிறேன். ஓரங்களில் நீ பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருப்பதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படிக்கிறேன். மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது.

1903-இல் தில்லி தர்பாரில் வைஸ்ராய் கர்சன் பிரபுவின் மனைவி உடுத்திய உடை அது. தில்லிப் பட்டறையில் நம் நாட்டு ஆட்கள் தங்கம், வெள்ளிக் கம்பியால் தோகை தோகையாக எடுத்து முடித்து, துண்டு துண்டாகவே கப்பலில் பாரிஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே வொர்த் என்ற பெரிய உடைக்கடையில் அவற்றைச் சேர்த்துக் கவுனாகத் தைத்திருக்கிறார்கள். நம் கடைக்கு ஆரி வேலை செய்து தருகிற பாயிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு, ஒரு தோகையின் மேல் விரலை வைத்துக் கம்பி போகிற வழியிலேயே ஓட்டிக் காட்டினார். தோகையின் காம்பில் நெருக்கம், நுனிக்குப் போகப் போக விரிவு. ஒரு தோகையின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறிக் கிடப்பதால் துண்டைத் துண்டோடு சேர்த்த இடமே தெரியவில்லை. "மூட்டுவாய் எங்கே அம்மா?" என்று அவர் கேட்டார். முப்பது வருஷமாக மூட்டுவாய் பார்த்தே பிழைத்தவள் நான், எனக்கும் அகப்படவில்லை.

ஒவ்வொரு தோகையின் கண்ணிலும் பச்சையாக மின்னுவதை மரகதம் என்று நினைத்தேன். நீ ஓரத்தில் "பொன்வண்டு இறக்கை" என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காப்புளி இலை போட்டுத் தீப்பெட்டிக்குள் நீ வளர்த்தாயே, அந்தப் பொன்வண்டு! அதன் கெட்டியான மேல் இறக்கையை வெட்டி, ஊசி போகத் துளையிட்டு, உடையாமல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நூற்றிருபது வருஷம் கழித்தும் அந்தப் பச்சை மங்கவில்லை. கவுன் மொத்தம் நாலரைக் கிலோ எடையாம். அதைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் விருந்தில் எப்படி நின்றாளோ. இடுப்புப் பட்டையில் வொர்த்தின் பெயர் இருக்கும். தோகை போட்டவர்களின் பெயர் எங்கும் இருக்காது. எனக்கு அது பெரிய மனக்குறை. நீ பட்டம் வாங்கி அங்கே வேலைக்குப் போகும்போது, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே வைக்கும் அட்டையில் அவர்களைப் பற்றி இரண்டு வரி எழுத வைக்க வேண்டும்.

வேலைக்குப் போகும்போது என்று எழுதிவிட்டேன். எப்போது என்று கேட்கவில்லை.

பெரியப்பா வீட்டு மருமகள் லெஸ்டரிலிருந்து பேசினாள். உன்னைப் பார்த்ததாகச் சொன்னாள். பகல் வேளையில், கடைத்தெருவில். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். உன்னைப் பற்றிய செய்தி உன் வாயிலிருந்துதான் எனக்கு வர வேண்டும்.

சாப்பாட்டை விடாதே. கண்ணைப் பார்த்துக்கொள்.

அந்த வொர்த்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். பாரிஸில் முதல் பெரிய உடைக்கடையை வைத்தவர் பாரிஸ்காரர் இல்லை, இங்கிலீஷ்காரர் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவர் கதையை நீ எந்தக் கண்ணால் படித்தாயோ தெரியாது. நான் தாய்க்கண்ணால் படித்தேன். அப்பா கையில் இருந்ததையெல்லாம் தொலைத்துவிட, பன்னிரண்டு வயதுவாக்கில் பிள்ளை வேலைக்குப் போனது. லண்டனில் துணிக்கடையில் நின்றார். இருபது வயதில் பாரிஸுக்குப் போய் அங்கேயும் கடைப்பையன் வேலைதான். வருகிறவர்களுக்குத் துணியை விரித்துக் காட்டி, அளந்து, வெட்டிக் கொடுத்துக்கொண்டு பல வருஷம் நின்றிருக்கிறார். 1858-இல்தான் சொந்தக் கடை. பிறகு பிரெஞ்சு மகாராணியே அவரிடம் தைத்தாள். கல்லாவில் நின்ற வருஷங்கள் வீணாகவில்லை கண்ணம்மா. எந்தத் துணி எப்படி விழும் என்பதை அங்கே நின்றுதான் அவர் கற்றிருப்பார்.

மதலேன் வியோனே என்ற பிரெஞ்சு உடைக்காரியின் கதையை அதற்கு மேல் படித்தேன். பதினெட்டு வயதில் கல்யாணம், பிறந்த பெண்குழந்தை போய்விட்டது, புருஷனும் வேண்டாம் என்று லண்டனுக்குப் போனவள். அங்கே ஒரு மருத்துவமனையில் தையல் வேலை செய்தாள். படுக்கை விரிப்புக்கு ஓரம் அடித்த கை அது. அந்தக் கைதான் பின்னாலே துணியைக் கிராஸில், அதாவது இழைக்குக் குறுக்கே மூலைவாட்டில், வெட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நாம் பிளவுஸில் கிராஸ் கட்டிங் போடுகிறோம். அவளுக்கு முன்னால் பாரிஸிலும் காலருக்கும் ஓரத்துக்கும்தான் கிராஸ் வெட்டியிருக்கிறார்கள். முழு உடையையும் கிராஸில் தொங்கவிடும் துணிச்சல் அவளுக்கு இருந்தது. அதற்காக வழக்கத்தைவிட அகலமான கிரேப் துணியைத் தனியாக நெய்யச் சொல்லி வாங்கியிருக்கிறாள். முதலில் பாதி அளவு மரப்பொம்மையில் துணியைச் சுற்றிப் பார்ப்பாளாம், காகிதத்தில் வரைய மாட்டாளாம்.

நான்கு சதுரத் துணியில் அவள் தைத்த ஒரு வெள்ளை உடை இருக்கிறதே, அதை நான் தைத்துப் பார்த்தேன். மிச்சம் கிடந்த மெல்லிய 'வாயில்' துணியில் நான்கு சதுரம் வெட்டி, ஒவ்வொன்றையும் மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு, தோளில் இரண்டு மூலைகளை முன்னும் பின்னும் சேர்த்து, உன் பழைய பொம்மைக்கு மாட்டினேன். டாட் இல்லை, ஊக்கு இல்லை. விட்ட மாத்திரத்தில் துணி தானாக உடம்பைத் தேடிப் போய் ஒட்டியது. கீழே நான்கு முனைகளும் ஒன்றுக்கொன்று ஏற்றமும் இறக்கமுமாக நின்றன. மறுநாள் பார்த்தால் இன்னும் ஒரு விரலுக்கு இறங்கியிருக்கிறது. அதற்குத்தான் கிராஸ் துணியைத் தொங்கவிட்டு வைத்துப் பிறகு ஓரம் வெட்ட வேண்டும். இதை உனக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன், பாவாடைக்குக் கிராஸ் பட்டி வைக்கும்போது? உன் வகுப்பில் இதைக் கேட்டபோது உனக்கு என் நினைவு வந்திருக்க வேண்டும்.

அவளுடைய கடையில் தையல் பெண்களுக்கு டாக்டர் இருந்தார், சம்பளத்தோடு விடுமுறை இருந்தது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் இருந்தது. அவ்வளவும் சட்டம் வருவதற்கு முன்னாலேயே. மற்றவர்கள் காப்பியடிக்காமல் இருக்கத் தைத்த உடையின் பட்டையில் தன் பெருவிரல் ரேகையை வைத்தாள். 1939-இல் கடையை மூடினாள். 1952-இல் தன்னிடம் இருந்த 120-க்கும் மேற்பட்ட உடைகளை, மாதிரித் துணிகளோடும் படங்களோடும் உடைகளைப் பாதுகாக்கும் ஒரு பிரெஞ்சுச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டாள். மருத்துவமனையில் விரிப்பு தைத்ததை அவள் மறைத்ததாகத் தெரியவில்லை. மறைத்திருந்தால் இன்று நான் எப்படிப் படிப்பேன்?

ஸ்பெயினிலிருந்து வந்து பெரிய உடைக்காரரான பாலென்சியாகாவின் அம்மாவும் தையல்காரிதான். அப்பா சீக்கிரமே போய்விட, அந்த அம்மாள் ஊசியை வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்திருக்கிறாள். அவ்வளவு பெரிய மனிதரான பிறகும் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு கறுப்பு உடையைத் தன் கையாலேயே தைப்பாராம். உடையின் கை சரியாக உட்காராவிட்டால் பிரித்துத் திரும்ப வைப்பாராம். கை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தையல்காரர்களுக்குத்தான் தெரியும். அதைப் படித்தபோது உன்னைப் பெற்றதற்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆனால் அத்தை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம் நீ. உன் சடங்குக்கு முழுப் புடவையும் அவள்தான் எடுத்தாள்.

அப்பா பேங்க் கடனைப் பற்றி உன்னிடம் பேசியதை நான் கூடத்தில் இருந்து கேட்டேன். அவர் பேச்சு அப்படித்தான் வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு எதையும் விட்டுவிடாதே. விட்டிருந்தாலும் சொல். தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன். முகூர்த்த மாதத்தில் பிளவுஸ் நிறைய வருகிறது, ஆரி வேலைக்கும் நல்ல கூலி கிடைக்கிறது. நீ எந்தக் கடையில் நின்றாலும், எதை மடித்து வைத்தாலும் எனக்குக் குறைவில்லை. இருட்டில் தைக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் தனிப் பார்சலில் வரும். உன் பச்சை ஸ்வெட்டரின் கையைப் பிரித்துத் தைத்து அதிலேயே வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போய்விடுவார், ஆறிலிருந்து எட்டு வரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். உனக்கு அப்போது மத்தியானம். கூப்பிடு.

அன்புடன்,
அம்மா