ஹல்போர்டின் குரலும் கறுவலின் தீர்ப்பும்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சீனி கூடி, இப்போது இறங்கியிருக்கிறது. மூத்தவள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே கால் வைக்க முடியவில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மிச்சத்தைப் போனில் சொல்லலாம், ஆனால் இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து கதையை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன், முழுதாக வாசி.

போன ஞாயிறு பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் கறுவல், மொட்டை, சேர், நான் நாலு பேரும் இருந்தோம். சேரின் மகனும் வந்திருந்தான். பொடியன் போனில் இங்கிலாந்து மெட்டல் குழு ஜூடாஸ் பிரீஸ்டின் இன்வின்சிபிள் ஷீல்ட் போட்டான், 2024இல் வந்த அல்பம், பாடுவது ரொப் ஹல்போர்ட்தான். முதல் பாட்டு பாதி போகவில்லை, கறுவல் தொடங்கிவிட்டான். "நிப்பாட்டு தம்பி, ரொப் ஹல்போர்ட் 1990இல் பெயின்கில்லரோடு முடிஞ்சுது, அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் பேருக்கு." உனக்குத்தான் தெரியுமே, அவன் ஒன்றைச் சொன்னால் அது தீர்ப்பு, அப்பீல் கிடையாது. மொட்டை வழமைபோல இரண்டு பக்கமும் தலையாட்டினான். நான் விடவில்லை. இருட்டிய பிறகும் விடவில்லை, சேர் எழும்பிப் போய் எல்லோருக்கும் பிளேன்ரீ வாங்கி வந்து குடித்த பிறகும் விடவில்லை.

கறுவலுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்குகிறது. உன் அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டு வந்த அந்த பெயின்கில்லர் கேசட்டை ரெக்கோடிங் பாரில் கொடுத்து எங்களுக்கெல்லாம் கொப்பி அடித்தவனே அவன்தான். ஸ்கொட் ட்ராவிஸின் ட்ரம்ஸ் தொடங்கி, பிறகு அந்தக் குரல் வரும்போது நாங்கள் எல்லோரும் எப்படி வாயடைத்துப் போனோம்! ஒரு மனிதத் தொண்டையால் அவ்வளவு மேலே போய் அங்கேயே நிற்க முடியும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த அல்பம் வரும்போது ஹல்போர்டுக்கு 39 வயது. இன்வின்சிபிள் ஷீல்ட் வரும்போது 72. நடுவில் 33 வருடம். அந்த 33 வருடத்தையும் ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறான் கறுவல், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஏனென்றால் அந்தக் காலம் ஒரே மாதிரிப் போகவில்லை மச்சான். 1992இல் அவர் குழுவை விட்டுப் போனார், 2003இல் திரும்பினார், 2005இல் ஏஞ்சல் ஒஃப் ரெட்ரிபியூஷன். அது நல்ல அல்பம்தான், ஆனால் திரும்பி வந்தவர் தன்னை நிரூபிக்கப் பாடுகிறார் என்று ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. 2008இல் நொஸ்ட்ரடாமஸ், இரண்டு சிடி நிறைய. அது நீளம், நடுவில் இழுக்கிறது, கீபோர்ட் கொட்டிக் கிடக்கிறது, எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். நீயும் அதை ஒரு தரம் கேட்டுவிட்டு மூடி வைத்தவன். ஆனால் திரும்ப எடுத்து அதில் அவர் கீழே பாடும் இடங்களை மட்டும் கேள். கத்தலை விட்டுவிட்டு, சொல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பாடுகிறார். பெயின்கில்லரில் பாட்டின் வரிகளை யார் கவனித்தோம்? நொஸ்ட்ரடாமஸில் வரிதான் முன்னுக்கு நிற்கிறது.

2014இல் ரிடீமர் ஒஃப் சோல்ஸ். பாட்டுகள் மோசமில்லை, பதிவுதான் சப்பென்று இருக்கும், ட்ரம்ஸ் தகரப் பேணியில் தட்டியதுபோல. கறுவல் அதை வைத்துத்தான் "ஆள் முடிஞ்சுது" என்றான். பிழை குரலில் இல்லை என்பது நாலு வருடத்தில் தெரிந்துபோனதே! 2018இல் ஃபயர்பவர் வந்தது. 1980இல் வந்த பிரிட்டிஷ் ஸ்டீல் அல்பக் காலத்தில் தயாரித்த டொம் அலொமைத் திரும்பக் கூப்பிட்டார்கள், கூடவே அன்டி ஸ்னீப். பதினாலு பாட்டு, அநேகமாக எல்லாம் நடுக்குரலில். அந்த நடுக்குரலுக்கு இடம் விட்டுக் கிற்றாரை அமைத்திருக்கிறார்கள், குரல் எங்கே நிற்குமோ அங்கே பாட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய பிந்திய அல்பங்களில் ஃபயர்பவர்தான் முதல். இன்வின்சிபிள் ஷீல்ட் இரண்டாவது. சேரின் மகன் மாற்றிச் சொல்கிறான், அவனோடும் சண்டை பிடித்தேன், அது வேறு கதை.

கறுவல் கடைசியில் பிடித்த பிடி, எல்லாம் ஸ்டூடியோ வேலை என்பது. ஒரு வரியைப் பத்துத் தரம் பாடி நல்லதை வெட்டி ஒட்டலாமாம், மேடையில் பெயின்கில்லர் பாடும்போது ஆள் குனிந்து நிலத்தைப் பார்த்துத்தான் பாடுகிறாராம். குனிகிறார், உண்மைதான், நானும் வீடியோவில் பார்த்தேன். அந்த வயதில் பலருக்குக் குரல்நாணின் தசை மெலிந்துவிடும், இரண்டும் முழுதாக மூடாது, இடையால் மூச்சுக் கசியும். மேலே ஒரு சுரத்தைப் பிடித்து வைக்க முந்தி எடுத்ததைவிடக் கூட மூச்சு வேண்டும். அப்படியிருந்தும் அந்தப் பாட்டை விடாமல் பாடுகிற மனிதனைக் குனிந்ததற்காகக் குறை சொல்வதா? ஸ்டூடியோ வேலை இன்றைக்கு வந்ததும் இல்லை. எழுபதுகளின் அல்பங்களிலேயே அவர் தன் குரலுக்கு மேல் தன் குரலையே அடுக்கிப் பாடியவர்தான். அப்போது அதைத் திறமை என்றோம், இப்போது மட்டும் ஏமாற்றா?

எங்கள் சின்ன மாமா இளவயதில் வடமோடிக் கூத்தில் அருச்சுனனுக்கு ஆடியது உனக்கு ஞாபகம் இருக்கும், விடியும்வரை களரியைச் சுற்றித் துள்ளி, துள்ளுகிற வேகத்திலேயே பாடுவார். அறுபதுக்குப் பிறகு கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவருக்குத் தருமர் கொடுத்தார். துள்ளல் இல்லை, குரலும் இறங்கிவிட்டது. ஆனால் சூதில் எல்லாம் தோற்று நிற்கும் இடத்தில் அவர் இழுத்துப் பாடினால் மத்தளக்காரனே அடியைக் குறைத்துவிட்டுக் கேட்பான், பிற்பாட்டுக்காரர் அடுத்த வரியை எடுக்கக் கொஞ்சம் தாமதிப்பார்கள். எங்கள் ஊரில் யாராவது "இந்தாள் அருச்சுனனோடு முடிஞ்சுது" என்று சொன்னார்களா? கறுவலிடம் இதைக் கேட்டேன். "கூத்து வேறு, மெட்டல் வேறு" என்றான். எப்படி வேறு என்று கேட்டால் பதில் இல்லை.

குரல் மட்டும் கதையில்லை. கிற்றார் வாசிக்கும் கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2018இல் அறிவித்தார்கள். சுற்றுப்பயணத்தில் முழு நிகழ்ச்சி வாசிக்க முடியாமல் போயிற்று, ஆனால் கடைசிப் பாட்டுகளுக்கு மேடைக்கு வந்து நின்றார், இன்வின்சிபிள் ஷீல்ட் பாட்டுகளிலும் அவர் பெயர் இருக்கிறது. மற்றக் கிற்றார்காரர் ரிச்சி ஃபோக்னர் பிறந்தது 1980இல், பிரிட்டிஷ் ஸ்டீல் வந்த அதே வருடம். 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தில் பெயின்கில்லர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பெருநாடி கிழிந்தது. அந்தப் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார், பிறகு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து பெரிய ஒப்பரேஷன். ஹல்போர்டுக்கே புரொஸ்டேட் புற்றுநோய் வந்து சுகமாகியது. இவ்வளவுக்கும் பிறகு இந்த மூன்று பேரும் சேர்ந்து இருந்து எழுதிய பாட்டுகள்தான் 2024இல் வந்தவை. சும்மா பெயருக்குச் செய்ய வேண்டுமென்றால் பழைய பாட்டுகளை மேடையில் பாடிக் காசு எடுத்திருக்கலாமே, புதிதாக எழுத வேண்டிய தேவை என்ன அவர்களுக்கு?

இனி நான் எழுத வந்ததற்கு வருகிறேன். சண்டை சூடானபோது கறுவல் சொன்னான், "குரல் போனா மரியாதையா வாயை மூட வேணும், எங்கட ஆள் கனடாவில செய்தது மாதிரி." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சேர் சொன்னார், தைராய்டு ஒப்பரேஷனுக்குப் பிறகு நீ கோயிலில் பாடுவதை விட்டுவிட்டாய், பாட்டுக் குழுவுக்கே போவதில்லை என்று. எனக்கு நீ ஒப்பரேஷன் சுகமாக முடிந்தது என்று மட்டும்தான் சொன்னாய்.

கோபிக்கவில்லை. ஆனால் கேள். குரல்நாணை இழுத்துப் பிடிக்கிற தசைக்குப் போகிற நரம்பு தைராய்டுக்குப் பக்கத்தாலேயே போகிறது. ஒப்பரேஷனில் அதற்குக் கொஞ்சம் அசைவு பட்டாலே மேல் சுரங்கள் முதலில் போகும், கீழ்க்குரல் அநேகமாக நிற்கும். சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பியும் வருகிறது. குரலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆட்கள் உங்கள் ஆஸ்பத்திரிகளில் இருப்பார்கள், உன் டொக்டரிடம் அதை வாய்விட்டுக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். வெட்கம் உனக்கு. பதினேழு வயதில் புளியந்தீவுப் பேராலயத்தில் நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு நீ தனியாகப் பாடியபோது முன் வாங்கில் இருந்த உன் அப்பா அழுததைப் பார்த்தவன் நான். அந்தச் சுரம் இனி வராமலே போகலாம், சரி. அதற்காக உன்னிடம் இருக்கிற மற்றச் சுரம் எல்லாம் என்ன பாவம் செய்தது? பாட்டுக் குழுவில் மேல்குரல் டெனர் வரிசையில் நிற்க முடியாவிட்டால் கீழ்க்குரல் பேஸ் வரிசையில் நில். அந்த வரிசைக்கு எப்போதும் ஆள் குறைவு என்று அந்தக் காலத்தில் நீயேதான் புலம்புவாய்.

கறுவல் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றிச் சொன்ன பிறகு அவனே முகம் வாடிப் போனான், அதோடு வாதத்தையும் விட்டுவிட்டான். உனக்குக் குரல் போனது அவனுக்குத் தாங்கவில்லை, அந்தக் கோபத்தைத்தான் ஹல்போர்ட் மேல் காட்டினான் என்று நினைக்கிறேன்.

ஃபயர்பவரை முதலில் இருந்து கேள், காரில் கேட்காதே, வீட்டில் இருந்து கேள். கேட்டுவிட்டு உன் நடுக்குரலில் எதையாவது பாடிப் பதிந்து எனக்கு அனுப்பு, இரண்டு வரி போதும், வேறு யாருக்கும் காட்ட மாட்டேன். பேஸ் வரிசைக்கு உன் குரல் எடுக்குமா என்று பாட்டுக் குழுத் தலைவரிடம் இந்த ஞாயிறே போய்க் கேள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தோடு ஒட்டி லீவு போட முடிந்தால் டிக்கெட்டை இப்போதே பார், பிந்தினால் விலை ஏறிவிடும். வரும்போது அந்த நொஸ்ட்ரடாமஸ் சிடியையும் கொண்டு வா, சேரின் மகன் கேட்கிறான்.

அன்புடன்,
உன் மச்சான்
மட்டக்களப்பு